இஸ்ரவேலின் நாலாம் விதி

வளைகுடாவில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவர்கள்கூட இந்த இனத்தில் ஒருவரையாவது பார்த்திருப்பீர்கள். சுத்த ரத்தக்காரர். எதையும் ரசிக்கத் தெரியாது, விசாரிக்கத்தான் தெரியும். பிரியாணியை முன்னால் வைத்தால் அரிசி எந்த ஊர் என்பார், பேரீச்சம்பழத்தை நீட்டினால் எந்தத் தோட்டம் என்பார், தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறோம் என்று நீங்கள் சந்தோஷமாகச் சொன்னால் பூர்வீகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாழ்த்துவார். இவர்களால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் இவர்களில் ஒருவர் பாம்பு வளர்க்க ஆரம்பித்தால்?

ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் இஸ்ரவேல் ஆரம்பித்தார். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கார்ன் ஸ்நேக், பெயர் ராணி. விஷமில்லாத, சாதுவான அமெரிக்கப் பாம்பு. காட்டில் எப்படி இருக்குமோ அதே நிறம், அதே புள்ளி. அதைத்தான் பாம்புக்காரர்கள் வைல்ட் டைப் என்கிறார்கள். மற்றவர்கள் வெள்ளைப் பாம்பு, ரோஸ் பாம்பு, இரண்டு இனம் சேர்ந்து பிறந்த கலப்புப் பாம்பு என்று ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வரும்போது, இஸ்ரவேல் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுப்பார். தலையைப் பார்ப்பார், வயிற்றுச் செதிலை எண்ணுவார், பெருமூச்சு விடுவார். அப்புறம் அந்தக் கேள்வி.

"பாம்பு நல்லாத்தான் இருக்கு. அப்பன் யாரு?"

இப்படிக் கேட்கிற வாயில் காலையில் இந்தி, மத்தியானம் மலையாளம், ஃபோர்மேனிடம் அரபியில் 'யல்லா, கலாஸ்', மகளிடம் இங்கிலீஷ். ராத்திரி அரபிக்காரர்களின் குபூஸ் ரொட்டியைப் பிய்த்து நெத்திலிக் குழம்பில் தோய்த்துத் தின்றபடி, கலப்பினால் உலகம் கெட்டது என்று அரை மணி நேரம் பேசுவார். அதையெல்லாம் யார் லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள்?

எமிரேட்ஸ் பாம்புக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு, இஸ்ரவேல்தான் அட்மின். அதில் பத்து விதிகள் எழுதி மேலே ஒட்டி வைத்திருந்தார். நாலாம் விதி: கலப்புக் குஞ்சு பொரித்தால் ஈவு இரக்கம் பார்க்காமல் ஃப்ரீஸரில் வைத்து முடித்துவிட வேண்டும், முடிக்காதவர் குரூப்பில் இருக்கக் கூடாது. புஜைரா துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக் கிருபனை மனதில் வைத்தே எழுதிய விதி அது. கிருபனிடம் சின்னத்துரை என்றொரு ஆண் பாம்பு இருந்தது. தாய் கார்ன் ஸ்நேக், தகப்பன் கிங் ஸ்நேக். உடம்பெல்லாம் வளையம் வளையமாகப் பார்க்கவே அழகாக இருக்கும். முடிக்கமாட்டேன் என்றார் கிருபன். அன்றைக்கே குரூப்பிலிருந்து வெளியே தள்ளினார் இஸ்ரவேல்.

ஜூலையில் லீவு வந்தது. அதற்கு முன்பே ராணிக்கு ஒரு சுத்தமான மாப்பிள்ளையைத் துபாயிலிருந்து மூன்று வாரத்துக்கு வரவழைத்திருந்தார். மாப்பிள்ளை மூன்று வாரமும் மூலையில் படுத்துத் தூங்கினார். நல்ல குடும்பத்துப் பிள்ளை, அடக்கம் என்றார் இஸ்ரவேல். இப்போது நாற்பத்தைந்து நாள் ஏசி போட்டு ராணியை யார் பார்ப்பது? குரூப்பில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் கிருபனிடமே போய் நின்றார். கொஞ்சமும் வெட்கமில்லை!

ஊரில் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்து, தாத்தாவின் தாத்தாவரை இஸ்ரவேல் குடைந்துகொண்டிருந்த நேரத்தில் கிருபனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணை, உங்கட பெட்டியில ஹீட் கூடிப்போச்சு. சின்னத்துரையின்ர பெட்டி பெரிசு. நடுவில தடுப்புப் போட்டு ராணியை விடட்டே?"

"தடுப்பு இருக்கில்லா? பொறவு என்னடே, விடு விடு. நான் இங்க முக்கியமான காரியத்துல இருக்கேன்."

செப்டம்பரில் ராணி ஏழு முட்டை போட்டது. துபாய் மாப்பிள்ளையின் வாரிசு என்று இஸ்ரவேலின் கால் தரையில் பாவவில்லை. நவம்பரில் ஷார்ஜா பண்ணை ஒன்றில் பாம்புக்காரர்கள் கூடி, யார் பாம்பு சிறந்தது என்று போட்டி வைப்பார்கள். மூன்று வருஷமாக அவர் கண் வைத்திருந்த நடுவர் நாற்காலியை இந்த வருஷம் அவருக்கே தருவதாகக் கூட்டத்தை நடத்தும் கால்நடை டாக்டர் சாதிக் பாட்ஷா சொல்லிவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் முட்டைகள் வெடித்தன. ஏழு தலை எட்டிப் பார்த்தது. ஏழு உடம்பிலும் வளையம் வளையமாக அதே சின்னத்துரை!

இஸ்ரவேல் லென்ஸை வைத்துப் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு கிருபனுக்கு போன் போட்டுக் கத்தினார்.

"அண்ணை, நீங்கள்தானே விடு விடு எண்டு சொன்னனீங்கள்? தடுப்பைத் தள்ளிப்போட்டு ஒண்டாய்க் கிடந்ததுகள். நான் வேலையால வந்துதான் கண்டனான். உங்களிட்டச் சொல்லப் பயந்துபோனன்."

நாலாம் விதி அவரே எழுதியது. ஏழையும் முடித்தால் நாற்காலி உண்டு. முடிக்காவிட்டால் மானம் போகும். குஞ்சுகள் கிடந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். ஃப்ரிட்ஜுக்கு முன்னால் மனைவி அருள்செல்வி நின்றாள். பிரசவ வார்டு நர்ஸ், டியூட்டி முடிந்து வந்த யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஃப்ரீஸர்ல... விதி இருக்குல்லா..."

"ஃப்ரீஸர்ல நெத்திலி இருக்கு. உங்களுக்க விதிக்கு இடமில்ல. இஞ்ச பாருங்க, எங்க வார்டுல பிள்ள பெறந்தா மொதல்ல மூச்சு விடுதான்னுதான் பாப்போம். அப்பன் பேரு ஃபாரத்துல பொறவுதான் வரும்."

அவர் டப்பாவைப் பார்த்தார். அதில் ஒன்று தலையைத் தூக்கி, ஈர்க்குச்சி அளவு வாலை நடுக்கி, அவர் விரலைக் கொத்தப் பார்த்தது. வலிக்கவே இல்லை. இஸ்ரவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், மனுஷன்தானே.

மறுநாள் ஷார்ஜாவில் டப்பாவைத் திறந்து வைத்தார். சாதிக் பாட்ஷா பதிவுப் படிவத்தை நீட்டினார். தாய் என்ற இடத்தில் இஸ்ரவேல் ராணி என்று எழுதினார். தகப்பன் என்ற இடத்தில் பேனா நின்றது. துபாய்த் தூங்குமூஞ்சியின் பெயரை எழுதித் தப்பித்திருக்கலாம். கிருபன் ஒரு மூலையில் நின்றார். இஸ்ரவேல் கொட்டை எழுத்தில் 'சின்னத்துரை, புஜைரா' என்று எழுதினார்.

"அண்ணை," என்றார் கிருபன், "அப்ப நான் உங்களுக்குச் சம்பந்தி தானே?"

பண்ணையே சிரித்தது. நடுவர் நாற்காலி அங்கேயே வேறொருவருக்குப் போனது. நாலாம் விதியை இஸ்ரவேல் எல்லோர் முன்னாலும் அழித்தார். சம்பந்தியை மறுபடி குரூப்பில் சேர்த்தார். திருந்திவிட்டாரா? நல்ல கதை! அரை மணி நேரத்தில் யாரோ ஒரு பெட்டியைத் திறக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு போய் நின்றார்.

"பாம்பு நல்லாத்தான் இருக்கு. அப்பன் யாரு?"

நீங்களும் நன்றாகச் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் தொடக்கத்தில் 'இஸ்ரவேல், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்' என்று படித்தீர்களே, அப்போது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'அதில் எந்த ஆட்கள்?' என்று உங்கள் மனசு கேட்டதா இல்லையா?

அந்த லென்ஸை இப்படிக் கொடுங்கள் பார்ப்போம்.