மருமகள் தந்த குறுந்தகடும் ஒரு சிவப்புப் புள்ளியும்

திருத்தணி,
28.10.2004, வியாழன்.

சௌபாக்கியவதி பத்மஜாவுக்கு, உன் மாமனார் வெங்கடசுப்பிரமணியன் அநேக ஆசிகளுடன் எழுதுவது.

இங்கு நான், உன் மாமியார், அவளுடைய மூட்டு வலி, மூவரும் சௌக்கியம். சென்னையில் நீயும் பரத்வாஜும் சௌக்கியமாக இருக்க மலைமேல் இருப்பவன் பார்த்துக்கொள்வான். புத்தூரில் உன் நைனாவுக்கு இருமல் நின்றதா என்று அடுத்த கடிதத்தில் தவறாமல் எழுது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது நீ ஆசையாகக் கொடுத்த வரைபடக் குறுந்தகட்டை இத்துடன் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அதில் குறை ஒன்றும் இல்லை, குறை என்னிடம்தான். அதோடு, வருகிற மே மாதம் ஓய்வு பெறும்வரை விடுப்பு கேட்டுத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நாளை கொடுத்துவிடுவேன். கொடுக்கும்வரை பரத்வாஜிடம் சொல்லாதே. அவன் உடனே போன் செய்வான், நான் தடுமாறுவேன், பிறகு விண்ணப்பம் பையிலேயே இருந்துவிடும்.

காரணத்தை வரிசையாக எழுதுகிறேன். அந்த மென்பொருளை இயக்கும் முறையை நீ பதினோரு குறிப்புகளாக எழுதிக் கொடுத்தாய் அல்லவா? அதை நான் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றைக் கண்ணாடிக் கூட்டிலும் வைத்திருக்கிறேன். அதில் ஒன்பதாவது குறிப்பு, ‘இந்த விசையை அழுத்தினால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றும், அதுவே விடை’ என்பது. வேறு எந்தக் குறிப்பும் என்னை இந்தக் கதிக்கு ஆளாக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கல்வி அலுவலர் திரு. பரந்தாமன் ஒன்பதாம் வகுப்பைப் பார்வையிட வந்தார். கணினியில் இயற்கணிதம் நடத்துகிற கிழவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கணினி, பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குட்டையானவர்கள் தரையிலும் நடுத்தரமானவர்கள் பெஞ்சிலும் மற்றவர்கள் பெஞ்சின் மேலுமாக நின்றார்கள். அலுவலரும் ஷூவைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்காமல் இருந்ததற்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

முதலில் கரும்பலகையில் x + y = 5, x – y = 1 என்று எழுதி, வழக்கம்போல் தீர்த்து, விடை (3, 2) என்று கட்டம் போட்டேன். பிறகு உறையை நீக்கிக் கணினியை இயக்கி, எட்டுக் குறிப்புகளையும் ஒன்றுவிடாமல் செய்தேன். இரண்டு கோடுகளும் வந்தன. ஒன்பதாவது குறிப்பின் விசையைத் தேடி விரலை நீட்டும்போதே பார்க்கிறேன், திரையில் சிவப்புப் புள்ளி ஏற்கெனவே இருக்கிறது. இன்று கணினி சுறுசுறுப்பாக இருக்கிறது, நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் புள்ளி (3, 2)இல் இல்லை, (4, 3)இல் இருந்தது. நான்கிலிருந்து மூன்று போனால் ஒன்று, அந்தக் கோட்டுக்குச் சரி. நான்கும் மூன்றும் கூட்டினால் ஐந்து வரவில்லையே என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் கோடி ரூபாய்க் கம்பெனியில் படித்தவர்கள் செய்த இயந்திரம் தப்பாகச் சொல்லுமா, முப்பத்துநான்கு வருடமாக நான்தான் எங்கோ ஒரு குறியை விட்டுவிட்டேனோ என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. பத்மஜா, உன்னிடம் மறைக்கக் கூடாது. கரும்பலகையில் இருந்த (3, 2)ஐ என் கையாலேயே அழித்தேன். (4, 3) என்று எழுதினேன்.

கங்காதரன் எழுந்தான். அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிற, அப்பா விசைத்தறி ஓட்டுகிற பையன். “சார், நாலும் மூணும் ஏழு சார்” என்றான். நான், “கணினி காட்டுகிறது பார், உட்கார்” என்றேன். அவன் உட்கார்ந்தான். இதை எழுதும்போது பேனா நிற்கிறது. தப்பான விடை சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை உட்காரச் சொல்லியிருக்கிறேன். சரியாகச் சொன்னவனை உட்கார வைத்தது இதுவே முதல் தடவை.

அதோடு நின்றதா? அலுவலர், வேறு ஒரு சமன்பாடு போட்டுக் காட்டுங்கள் என்றார். ஐந்தை ஒன்பதாக்கினேன். கோடு நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. நான் சமாளிக்க வேண்டி, “சில சமன்பாடுகளுக்கு இப்படியும் அமையும்” என்றேன். அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அலுவலர் தலையாட்டி, “எதை மாத்தினாலும் விடை அப்படியே நிக்குது பாருங்க, ரொம்ப உறுதியான மென்பொருள்” என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பள்ளிப்பட்டிலும் ஆர்.கே.பேட்டையிலும் இதேபோல் செய்யச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, மலைக்குத் தரிசனத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் ஜீப் தெருமுனை திரும்பியிருக்காது, கரண்ட் போயிற்று. திரை இருண்டது. கோடுகள் போயின, அச்சுகள் போயின, எண்கள் போயின. சிவப்புப் புள்ளி மட்டும் போகவில்லை. இருட்டுக் கண்ணாடியில் தனியாக இருந்தது. நான் கிட்டே போய் விரலால் தொட்டேன். விரல் சிவந்தது.

எங்கள் அலுவலக உதவியாளர் கௌரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். “இன்னா சார் பண்றீங்க, ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு சார் அது. பொட்டிக்கு வெச்சேன், எலிக்கு வெச்சேன், கண்ணாடிக்கும் ஒண்ணு வெச்சேன். அத்தப் போயி தொடைக்கிறீங்களே” என்றாள். எலி என்று அவள் சொன்னது மௌஸை. நான் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, “உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் “ஆங் சார்” என்றார்கள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். தேவகி என்கிற பெண், “பொட்டுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா சார்? வேணும்னேதான் எதுக்கோ பண்றீங்கன்னு பாத்துகினு இருந்தோம்” என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் மாமியாரிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். பிறகு, “முப்பத்தாறு வருஷமா என் மூஞ்சியத்தான பாத்துண்டிருக்கேள்? பொட்டு எது புள்ளி எதுன்னு தெரியலையா?” என்றாள். கண்ணாடி மாற்றி நான்கு வருடம் ஆகிறது என்றேன். “அப்ப நாலு வருஷமா நான் என்ன புடவை கட்டிண்டிருக்கேன்னும் தெரியாது” என்றாள். அது வேறு வழக்காகப் போய்விட்டது.

ஆகவே என் முடிவு இதுதான். கூட்டல் தெரிந்தும் இயந்திரத்துக்குப் பயந்து அதை மாற்றிச் சொன்னவன் வகுப்பில் நிற்கக் கூடாது. மீதி ஏழு மாதத்தை வீட்டில் இருந்து கழிப்பதே பிள்ளைகளுக்கு நல்லது. நீ வருத்தப்படாதே. உன் கையெழுத்தில் இருக்கிற பதினோரு குறிப்புகளை மட்டும் திருப்பி அனுப்பவில்லை, அவை என்னிடமே இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. பரத்வாஜ் ஆபீசிலிருந்து தாமதமாக வந்தால் காத்திருக்காதே, அவன் காத்திருக்க மாட்டான். இருவருக்கும் எங்கள் ஆசிகள். உன் நைனாவுக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரங்கள்.

இப்படிக்கு,
பிரியமுள்ள மாமா,
வெங்கடசுப்பிரமணியன்.

பி.கு. (29.10.2004, வெள்ளி): நேற்று நான் போவதற்குள் தபாலாபீஸ் கவுண்டரை மூடிவிட்டார்கள். அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். இன்று காலை, விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கு முன், வகுப்பில் எல்லோர் எதிரிலும் கங்காதரனிடம், “நீ சொன்னது சரி, நான் உட்காரச் சொன்னது தப்பு” என்றேன். அவன் நெளிந்துகொண்டே, “பரவால்ல சார். நீங்க உக்காரச் சொன்னீங்களா, உக்காந்துகினு போட்டுப் பாத்தேன். அஞ்ச ஏழா மாத்திட்டா ரெண்டு கோடும் பொட்டு மேலயே போவுது சார்” என்று நோட்டை நீட்டினான். x + y = 7, x – y = 1. நான் இரண்டு முறை சரிபார்த்தேன், பத்மஜா. (4, 3)தான். இதற்குள் கௌரியம்மாள், நான் துடைத்தது ஆகாது என்று, கண்ணாடியில் வேறு பொட்டு வைத்திருந்தாள், பழைய இடத்துக்குச் சற்றுக் கீழே. உடனே மோனிகா என்கிற பெண், “சார், இதுக்கு நாங்க கோடு போடறோம்” என்றாள். நாற்பது நிமிடத்தில் அந்தப் பொட்டின் வழியாகப் போகிற பதினேழு கோடுகளுக்குச் சமன்பாடு சொன்னார்கள், மணி அடித்தும் வெளியே போகவில்லை. அவற்றை எழுத என்னிடம் வேறு தாள் இல்லாததால் விடுப்பு விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். இனி அதைக் கொடுக்க முடியாது. குறுந்தகடும் இத்துடன் வரவில்லை, தேடாதே. அலுவலருக்கு உண்மையை ஒளிக்காமல் எழுதிப் போட்டுவிட்டேன், ஆனால் அதற்கு முன்பே பள்ளிப்பட்டுக் கணக்கு ஆசிரியர் போன் செய்து, “எங்களுக்கும் சிவப்புப் புள்ளி வரணும்னு சொல்லிட்டாரு சார், எந்த விசை?” என்று கேட்கிறார். குங்குமம் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும், கௌரியம்மாளும் தினம் ஒரு இடத்தில் வைக்கிறாள். ஆகையால் தீபாவளிக்கு வரும்போது நல்ல ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டு, சிவப்பு, மிகச் சிறியது, இரண்டு அட்டை வாங்கி வா. ஒன்று பள்ளிப்பட்டுக்கு. உன் மாமியார் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள், பெரியதாக, எனக்குத் தெரிகிற அளவில்.