நாலு முட்டையும் ஒரு சுருள் மீசையும்

"விதை ஒன்று போட்டால்…" என்று ஆரம்பித்து என் மாமனார் ஒன்று சொல்வார். முளைக்காதது சுரையா அவரையா என்பது மறந்துவிட்டது. முழுசாக ஞாபகம் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது.

இருபது வருஷம் வெளிநாட்டில் மேலதிகாரிகளுக்குத் தலையாட்டிவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் வீடு திரும்பினேன். இனி யாருக்கும் அடங்குவதில்லை என்று தீர்மானம். உலகம் என்னைத் திரும்பிப் பார்க்க ஒரு சாதனை வேண்டும். நீல நெருப்பு கக்கும் டிராகனை உருவாக்குவது என்று முடிவு செய்தேன்.

அடுப்புப் பற்றவைக்க எல்லார் வீட்டிலும் இருக்கிற பூனையளவு டிராகன்தான். ஆனால் அதெல்லாம் சிவப்பு நெருப்பு; கூடவே புகை. நீலம் புகையாது. அபூர்வம்.

வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் அறை ஒன்றே ஒன்று. அதைக் கூண்டு பிடித்துக்கொண்டது. தையல்காரியான என் மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசி கோத்தாள். ஆண் டிராகன் ஒருநாள் தும்மியதில் மாப்பிள்ளைக் கோட்டு ஒன்றுக்கு இடது கை போய்விட்டது. அறையைக் கேட்டாள். நான் சுவரில் ஒரு சார்ட்டை மாட்டி அவளுக்குப் பாடம் எடுத்தேன்.

குஞ்சுக்கு ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடமிருந்து ஒரு சீட்டு, அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு. சிவப்புச் சீட்டு ஒன்று இருந்தாலே போதும், நீலத்தை வாய் திறக்க விடாது. இரண்டும் நீலமானால்தான் நெருப்பு நீலம்.

"அதாவது ஒண்ணு பேசும், இன்னொண்ணு உள்ளேயே கம்முனு கிடக்கும்."

"அதேதான்."

"புரியுது. நம்ம வீடு மாதிரி."

யார் எது என்று நான் கேட்கவில்லை. மீசையும் அப்படித்தான், சுருள் பேசும், நேர் மீசை பேசாது என்று மேலே போனேன். என் ஜோடி இரண்டுக்கும் நேர் மீசை. நெருப்பு சிவப்பு; ஆனால் இரண்டின் தாயும் நீலம். ஆகவே உள்ளே ஒளிந்திருக்கும் நீலம், நாலில் ஒரு குஞ்சிடம் வெளியே வரும். இந்த இனம் இடுவதும் நாலே முட்டை.

"நாலுல ஒண்ணுன்னா கண்டிப்பா ஒண்ணு வருமா?"

"விஞ்ஞானம் பொய் சொல்லாது."

"வரலைன்னா அறை எனக்கு."

சார்ட்டின் அடியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"சரி, ரெண்டு சீட்டும் சிவப்பா இருக்கிற டிராகன் நடுவுல புகுந்துட்டா?" என்றாள்.

மாணவி தேறுகிறாளே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாடியில் ரொட்டிக்கடைக்காரர் வளர்க்கும் ஆண் டிராகன் அந்த ரகம்தான், ஏழு தலைமுறையாகக் கலப்பில்லாத சிவப்பு, மீசையும் சுத்தச் சுருள், அது மட்டும் உள்ளே வந்தால் ஒரு குஞ்சுகூட நீலம் கக்காது, அதற்காகத்தான் கூண்டுக்குப் பூட்டு என்று விளக்கினேன். பிறகு சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, டிராகன் வளர்ப்போர் சங்கக் கூட்டத்துக்கு மூன்று நாள் வெளியூர் போனேன். "வம்சத்தைக் காப்பது எப்படி" என்று பேசினேன். பலத்த கைதட்டல்.

ஒன்பதாம் வாரம் முட்டைகள் பொரிந்தன. முதல் குஞ்சு ஏப்பம் விட்டது. சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவது சிவப்போடு என் புருவத்தையும் எடுத்துக்கொண்டது. நான்காவதை ஒற்றைப் புருவத்தோடு குனிந்து பார்த்தேன். சிவப்பு. நாலு முகத்திலும் வளையம் வளையமாக மீசை.

"இது யார் மீசை?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "சார்ட்டைப் பாருங்க."

பார்த்தேன். நேரும் நேரும் சேர்ந்தால் சுருள் வராது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"நீங்க இல்லாதப்ப மாடி வீட்டம்மா, அவங்க டிராகன் தனியா ஏங்குதுன்னாங்க. நம்ம ஆணை அடுப்படிக்கு மாத்திட்டு, மூணு நாள் கூண்டுல இருந்துட்டுப் போகட்டும்னேன்."

"என் நீலம் போச்சே!"

"எங்க போச்சு? ரெண்டு குஞ்சுக்குள்ள கம்முனு கிடக்கும். அதுகூடக் கண்டிப்பா ரெண்டுன்னு இல்லீங்க. ஒவ்வொரு முட்டைக்கும் சீட்டைப் புதுசாத்தானே குலுக்கணும்?"

அன்று மத்தியானமே தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த அறையில் ஜன்னலோரம் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் பேச யார் வருவது என்று சங்கம் கேட்டிருந்த கடிதத்துக்கு, என் மனைவி வருவாள் என்று பதில் எழுதினேன்.