தராசு அண்ணாச்சியின் அத்தி

ஒரு செடி வாங்க ஆறு வருஷம் யோசித்த மனுஷன் இந்தத் திருவனந்தபுரத்திலேயே ஒருத்தர்தான் உண்டு. பெண் பார்க்கப் போனபோது காப்பி ஆறுவதற்குள் சரி சொன்னவராம். செடி விஷயத்தில்தான் ஆறு வருஷம்.

நாங்கள் அவரைத் தராசு அண்ணாச்சி என்போம். சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில் எடை போடுகிறவர். திருநெல்வேலிக் குடும்பம். நான் தென்காசிப் பக்கம். கிள்ளிப்பாலம் தாண்டி ஒரு செடிக்கடையில் வேலை. மண் கலப்பேன், தொட்டி சுமப்பேன், தண்ணீர் விடுவேன். பேச்சு கம்மி. நான் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தையை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார் கடை முதலாளி சேச்சி. அந்தப் பழக்கம் ஒரே ஒரு நாள் தவறியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு பத்து மணிக்கு வருவார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு நேராக இங்கே. வந்ததும் வலது கையில் ஒரு சால்வியாத் தொட்டி, இடது கையில் ஒரு அத்தித் தொட்டி. இரண்டையும் தூக்கிக்கொண்டு நடைபாதை நடுவில் நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். பெயர் அப்படி வந்ததுதான்.

சால்வியா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முழ உயரச் செடி. நட்ட இரண்டு மாதத்தில் சிவப்புப் பூ கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நிற்கும். தேன்சிட்டு வரும். ஒரு பெருமழை தாங்காது. அத்தி வேறு ரகம். கையை விரித்த மாதிரி இலை. மண்ணில் வைத்தால் காய்க்க இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும், தொட்டியிலேயே நின்றால் இன்னும் தள்ளிப்போகும். மண்ணில் வேர் இறங்கிவிட்டால் நமக்குப் பிறகும் இருக்கும்.

"எந்தப் பக்கம் சாயுது அண்ணாச்சி?" என்பேன்.

"முள்ளு நடுவுலயே நிக்குது மக்கா. அடுத்த வாரம் பாப்போம்."

தொட்டிகளை எடுத்த இடத்தில் வைப்பார். துண்டால் கையைத் துடைப்பார். போய்விடுவார்.

அவர் யோசித்த காலத்தில் பத்துப் பன்னிரண்டு சால்வியா பூத்து முடிந்தன. அத்திக்கு நான் இரண்டு தரம் தொட்டி மாற்றினேன். தூக்கும்போது அவருடைய இடது தோள் இறங்க ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, நிங்ஙள் ஒரு தீருமானம் எடுக்கும்போ எனக்கு வயசாயிடும்" என்றார் சேச்சி.

"ஒங்களுக்கு எங்க சேச்சி வயசாவுது. அத்திக்குத்தான் ஆவுது."

ஒரு ஞாயிறு சணல் கயிறு கொண்டு வந்தார். முடிச்சுப் போட்டு அளந்த கயிறு. அவர் வீட்டு முன்னால் செடி வைக்க இருந்த இடம் நாலடிக்கு நாலடி. அதைக் கடைத் தரையிலேயே கயிற்றால் கட்டிவிட்டார். நடுவில் அத்தி. மரம் வளர்ந்தால் நிழல் எவ்வளவு வரும் என்று பார்க்கக் குடையை விரித்து அதன் மேல் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மக்கா, நீ இங்க வந்து குத்த வையி. நீதான் செவரு."

"நானா?"

"செவரு பேசாது."

உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து ரோஜா என்ன விலை என்று கேட்டார். எழுந்திருக்கப் போனேன்.

"அவன்ட்ட கேக்காதீங்கம்மா. அவன் இப்போ செவரு. வேரு அவன் காலு வரைக்கும் வந்துட்டு" என்றார் அண்ணாச்சி, குடையை இறக்காமல். அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கும் முள் நடுவில்தான் நின்றது.

மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன், முடிவு சொல்ல மனைவியைக் கூட்டி வந்தார். அக்கா இரண்டு தொட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"கருவேப்பில இருக்கா தம்பி?" என்றார்.

அண்ணாச்சி தொட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அப்போதுதான் அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பதினஞ்சு வீடு மாறியாச்சு தம்பி. எல்லாம் வாடகை. பதினோரு மாசத்துக்கு ஒருக்கா பத்திரம் புதுசா எழுதணும். எழுதுன வாரம் அத்தி அத்திம்பாரு. மாசம் போவப் போவ மொகம் சுண்டிரும். பத்திரம் முடியப் போற நேரம் சால்வியா போதும்னு வந்துருவாரு. அதையும் வாங்க மாட்டாரு. ஒருவேளை வீட்டுக்காரன் மறுபடி எழுதிட்டா அத்தியே வைக்கலாமேன்னு இருக்கும்."

அதற்குப் பிறகு கவனித்தேன். உண்மைதான். இடது கை தாழ்ந்திருந்தால் பத்திரம் புதுசு. வலது கை தாழ்ந்தால் பத்திரம் முடியப் போகிறது. சேச்சி காலண்டர் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆறாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். செவ்வாயில் அவரை நான் பார்த்ததே இல்லை. வலது கை வெறுங்கை. அத்தியை மட்டும் தூக்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, இந்தத் தடவ மூணு வருசத்துக்கு எழுதலாம்னு வீட்டுக்காரரே சொல்லிட்டாரு. அடுத்த மாசம் பத்திரத்துல ஒப்பு. ஒப்பு போட்ட அன்னைக்கு வந்து எடுத்துக்கிடுதேன். அதுவரைக்கும் யாருட்டயும் மூச்சு விடாத."

கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றை அவிழ்த்து அத்தித் தண்டில் கட்டினார். பேரப்பிள்ளைக்கு அரைஞாண் கட்டுகிற மாதிரி கட்டினார்.

அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். மலையாளி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர், கீழே அண்ணாச்சி. குரோட்டன்ஸ் வாங்க எங்களிடம்தான் வருவார். அடுத்த வாரம் வந்தார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை.

"சார், ஒங்க கீழ் வீட்டு அண்ணாச்சி அத்தி மரம் வைக்கப் போறாரு. வேரு எறங்கிட்டுன்னா அவரையும் பேத்து எடுக்க முடியாது, மரத்தையும் பேத்து எடுக்க முடியாது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"மரமோ? என்றெ பறம்பிலோ?" என்றார். என் இடத்திலா மரம் என்று கேட்கிறார். கையில் இருந்த குரோட்டன்ஸைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

வாடகைக்கு இருக்கிறவன் மரம் வைத்துவிட்டால் காலி செய்ய மாட்டான், மண்ணில் பாத்தியதை கேட்பான் என்று இங்கே பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அந்தக் கேலியே வாயில் வந்தது.

ஒப்பு மாதம் வந்தது. அண்ணாச்சி ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். எந்தத் தொட்டியையும் தூக்கவில்லை. கவிழ்த்த தொட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எழுத மாட்டேன்னுட்டாரு மக்கா. மூணு வருசமும் இல்ல, பதினோரு மாசமும் இல்ல. மரம் வைக்கப் போறேன்னு யாரோ சொல்லிருக்காவ."

"யாரு?" என்று கேட்டேன். கேட்டது நான்தான்.

"வேற யாரு. எங்க வீட்டுக்காரிதான். அவளுக்கு வாயி நிக்காதுல்லா. மாடிப்படியில நின்னு பேசிருப்பா. இல்ல இல்லன்னு சத்தியம் பண்ணுதா. நாலு நாளா அவகூடப் பேச்சு இல்ல."

நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே செம்பருத்திக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட்டேன் என்று தெரியாது. தொட்டி நிரம்பி மண் வெளியே ஓடியது.

"செடி நீச்சலடிக்குது" என்றார் அண்ணாச்சி. "புது வீடு பாலராமபுரத்துல பாத்திருக்கு. மூணாவது மாடி. சன்னல தொறந்தா ஆகாசம். மண்ணுக்கு எறங்கித்தான் வரணும்."

பிறகு எழுந்து ஒரு சால்வியாவை எடுத்தார். யோசிக்கவே இல்லை.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"அந்த நாலடி எடத்துல வச்சிட்டுப் போறேன். வர்றவன் வரும்போது பூத்திருக்கட்டும்."

"அத்தி?"

"அது இங்கனயே நிக்கட்டும். தண்ணி மட்டும் இப்படி ஊத்தாத."

ஆறு வருஷத்தில் அவர் எங்களிடம் வாங்கியது அந்த ஒரு சால்வியாதான். அதற்குப் பிறகு வரவில்லை. மண் இல்லாதவருக்குச் செடிக்கடையில் என்ன வேலை.

எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் இல்லை. ஆரியசாலையில் அதே கடை, அதே தராசு. சொல்லிவிடுவது என்று மூன்று முறை போனேன். மூன்று முறையும் கால் கிலோ மல்லி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவர்தான் நிறுத்துக் கொடுத்தார். நிறுத்த பிறகு ஒரு பிடி கூடப் போட்டார். "சேச்சிக்கு வயசாச்சா?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் இப்போது ரசம் முழுக்க மல்லி வாசம்.

மூன்றாவது முறை போனபோது கேட்டேன், அக்கா சௌக்கியமா என்று.

"இருக்கா. இப்பல்லாம் யாருட்டயும் பேசுதது இல்ல. படியில நிக்குததும் இல்ல. நல்லதுதான்" என்றார்.

அது நல்லது இல்லை, அண்ணாச்சி.

அவருக்கு ஒரு பழக்கம். மல்லி கட்டுகிற பழைய பத்திரிகைத் தாளைக்கூட முழுசாக வாசித்துவிட்டுத்தான் மடிப்பார். ஆள் காத்துக்கொண்டு நிற்பார், இவர் ஓரத்தில் இருக்கிற வரியை வாசிப்பார். இது அச்சாகிற பத்திரிகைத் தாளும் என்றைக்காவது அவர் கைக்குப் போகும். புதுசாக இல்லாவிட்டால் பழசாக. அதற்காகத்தான் எழுதினேன். வாயால் முடியவில்லை.

அத்தி காய்த்திருக்கிறது. முதல் காய்ப்பு, ஏழு காய். கயிறு தண்டை இறுக்கியது, அதனால் அவிழ்த்து மேல் கிளையில் கட்டியிருக்கிறேன். விலை கேட்கிறவர்களிடம் விற்றாயிற்று என்று சொல்கிறேன்.

அண்ணாச்சி, சொன்னது நான். அக்கா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கருவேப்பிலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.