ஒரு வார்த்தைக்கு ஒரு பாடு

கால் ஓரிடத்தில் தரிக்காதவன் வரவு செலவுக் கணக்குப் போடவே கூடாது. செலவை உட்கார்ந்து போடுவான். வரவுக்கு வந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவான். நான் அந்த ரகம்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபது வயது. ஏரிக்கரையில் எங்கள் மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் காற்று திரும்பினால் நானும் திரும்புவேன். ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியே கடலுக்கு ஓடுவதைப் பார்த்தால், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறதே என்று எரிச்சலாக வரும். அப்படி ஒருநாள் பொன்னேரி ஸ்டேஷன் சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மெட்ராஸில் ஆறு மாதப் படிப்பு. முடித்தால் சட்ட உதவியாளர் சான்றிதழ். வக்கீல்களுக்கு மனு எழுதித் தரலாம். (வக்கீலுக்கு முன்னால் நடக்கலாமா, பின்னாலா என்று போடவில்லை.)

வீடு வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. செலவு: பீஸ், பஸ், ரயில் சீசன் டிக்கெட், இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு ஜோடி ஷூ. வரவை நடந்துகொண்டே போட்டதால் கொஞ்சம் வீங்கிவிட்டது. தினமும் பத்து மனு, ஞாயிற்றுக்கிழமையும் மனு. கட்சிக்காரர்கள் வாங்கித் தரும் டீயைக்கூட வரவில் சேர்த்திருந்தேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த நைனா பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிடா. எத்தினி பாடு?"

ஏரியில் நல்ல இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை போட முடியாது. சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அந்த முறைதான் பாடு. கல்யாணமோ கூரையோ, நைனாவுக்கு எல்லாவற்றுக்கும் அதில் வரும் காசுதான் அளவு.

"ஒரே பாடு நைனா. நல்ல எறா பாடு."

"வரும்படி?"

"மாசத்துக்கு மூணு பாடு!"

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "அப்போ அந்த வெளம்பரக்காரன் மனு எழுதாம ஏன் செவுத்துல எழுதினுகிறான்?"

(நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.)

நைனா சிரித்தார். "இந்த வாட்டி நல்ல பாடு வுழுந்தா அந்த எறா காசு உனக்கு. போய்ப் படி. இங்க இருந்தாலும் நீ நடந்துனுதான் இருக்கப்போற."

விழுந்தது! சீட்டில் நைனாவுக்கு வந்தது அமாவாசைக்கு மறுநாள், முகத்துவாரத்துப் பக்கம். கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கும் கூட்டம். கல்யாணமாகித் தலைக்கட்டு ஆனவர்கள்தான் அங்கே பேசலாம். என்னைப் போன்றவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

ஏழுமலை மாமா எழுந்தார். "போன தபா என் பாடு அன்னிக்கிப் புயல்காத்து. வலையே போடல. இந்த நாளை எனக்குக் குடுத்துட்டு என் நாளை அவரு எடுத்துக்கட்டும்."

கூட்டத்தை நடத்தும் ஊர்ப் பெரியதனக்காரர் நைனாவைப் பார்த்தார். நைனா தாடையைச் சொறிந்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம். எனக்கோ, மெட்ராஸ் ரயில் என்னை ஏற்றாமலே நகர்வதுபோல் இருந்தது.

"செல்லாது!" என்றேன். எல்லாத் தலைகளும் திரும்பின. "வுழுந்த சீட்டு வுழுந்ததுதான். மாத்தினா நாங்க கோர்ட்டுக்குப் போவோம்!"

அங்கே நின்று போலீஸ், கோர்ட்டு என்று யார் வாயெடுத்தாலும் அந்த வீட்டுக்கு அந்தச் சுற்றில் பாடு கிடையாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த கட்டுப்பாடு.

பெரியதனக்காரர் நல்ல மனிதர். தப்பிக்க ஒரு வழி கொடுத்தார். "இன்னா தம்பி சொன்ன? எனக்குக் காதுல வுழலியே?"

நான் விலாசத்தோடு கத்தினேன்: "கோர்ட்டு! பொன்னேரி கோர்ட்டு!"

நைனா கண்ணை மூடிக்கொண்டார். பாடு ஏழுமலை மாமாவுக்குப் போனது. கூட்டம் கலையும்போது பெரியதனக்காரர் நைனாவிடம் வந்தார். "சீட்டு மாத்துற பழக்கம் இல்லன்னு ஏழுமலைகிட்ட சொல்ல வாயெடுத்தேன். உன் புள்ள முந்திக்கினான்."

வீட்டு வாசலில் நின்று நைனா ஒன்றே ஒன்று சொன்னார்: "ஒரு வார்த்தைக்கு ஒரு பாடு. ஐகோர்ட்டு வக்கீல்கூட இவ்ளோ பீஸ் வாங்கமாட்டான்டா."

அந்த அமாவாசைக்கு மறுநாள் மாமாவின் வலையை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அத்தைக்கு மனசு கேட்கவில்லை; ஒரு சட்டி எறா குழம்பு கொடுத்தனுப்பினாள். என் பீஸ், சீசன் டிக்கெட், வெள்ளைச் சட்டை எல்லாம் அதில் மிதந்தன. ஆறு மாதப் படிப்பை ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்தோம்.

"உப்பு கம்மி," என்றாள் தங்கை. "ஒரு மனு எழுதிப் போடுண்ணே."

மெட்ராஸுக்கு நான் போகவில்லை. கால் மட்டும் இன்னும் அடங்கவில்லை. இதைக்கூட நடந்து நடந்துதான் எழுதுகிறேன். அடுத்த சீட்டு நாளன்று தங்கை என் வாயில் ஒரு கமர்கட்டைத் திணித்து அனுப்பினாள். அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. கல்யாணமாகி நானும் தலைக்கட்டு ஆனேன். கமர்கட் பொறுப்பு மனைவி கைக்குப் போனது.

இப்போது கூட்டத்தில் பேச எனக்கு முழு உரிமை உண்டு. ஏழுமலை மாமாவின் மகன்தான் பெரியதனக்காரர். "அண்ணன் இன்னா சொல்றாரு?" என்று ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பிக் கேட்பான். நான் கன்னம் உப்பத் தலையை மட்டும் ஆட்டுவேன்.