போஷான் அண்ணாச்சியின் பூட்டிய கதவு

வளைகுடாவின் ராஸ் அல் கைமாவில் கால் வைத்த எந்தத் தமிழனும் சீனாவிலுள்ள ஒரு தேவாலயத்தின் சரித்திரத்தைக் கேட்காமல் ஊர் திரும்பியதில்லை. போஷான் அண்ணாச்சி விடமாட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், டைல்ஸ் கம்பெனியில் ஃபோர்மேன். மெஷின் பழக, கம்பெனி ஒருமுறை அவரைச் சீனாவின் போஷான் நகரத்துக்கு அனுப்பியது. ஆள் திரும்பி வந்தார். பேச்சு அங்கேயே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆராதனையில் யாராவது முழங்கால் வலிக்கு ஜெபம் கேட்டால் போதும், சாட்சி சொல்ல எழுந்துவிடுவார்.

"முழங்காலா? போஷான்ல மொத மிஷனெரி ஐயா படகுல வந்து எறங்கினப்ப வேதம் கேக்க ஒருத்தனும் வரல, பாத்துக்கிடுங்க. கண்ணுக்கு மருந்து போட்டாரு. கண்ணு தெளிஞ்ச கொயவன்தான் மொத விசுவாசி. கோயில் கூரைக்கு ஓடு சுட்டதும் அவன்தான்!"

முழங்கால்காரர் நின்றுகொண்டே இருப்பார். கூரை ஏறும், மணி ஏறும். பிறகொரு காலத்தில் அரசாங்கத்தார் ஆலயத்தைப் பூட்டிக் கிடங்காக்குவார்கள். ஜனங்கள் ஜன்னலை அடைத்து, வீட்டுக்குள் முணுமுணுப்பாய்ப் பாடுவார்கள். ஆலயக் கதவு மறுபடி திறக்கும்வரை அண்ணாச்சி உட்காரமாட்டார்.

எங்களுக்கு வாய்த்தது ஒரே மண்டபம், வேளைக்கு ஒரு மொழி. தமிழுக்கு அடுத்தது சீனம். அண்ணாச்சி சீனத்துச் சபையின் பாடுகளை விவரிக்க விவரிக்க, சீனர்கள் வாசலில் வெயிலில் பாடுபட்டார்கள்.

கடைசியில் மண்டப நிர்வாகம் எச்சரித்தது: இனியும் தாமதமானால் தமிழுக்கு இடமில்லை. எங்கள் செயலர் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, கலாஸ், முடிஞ்சுது. இனிமே சாட்சிக்கு எந்திரிக்காதீங்க."

"பாதியில நிறுத்தினா கதவு பூட்டியேல்லா கெடக்கும்?" என்றவர், அதன்பின் சாட்சிக்கு எழவில்லை. ஆராதனை நேரத்துக்கு முடிந்தது. அந்த ஒழுங்கு, ஆள் இல்லாத வீட்டில் ஓடும் ஏ.சி. போல வெறுமையாய்க் குளிர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சீனச் சபையை நடத்தும் பெண்மணி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "வாரா வாரம் 'போஷான்' என்று சத்தம் கேட்குமே, அந்தப் பெரியவர் எங்கே? நாங்கள் யாரும் அந்த ஊர்க்காரர்கள் இல்லை, அது என்ன கதை என்று தெரியாது. எங்கள் நேரத்தில் வந்து சொல்லட்டுமே."

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் நேரத்தில் அண்ணாச்சி தமிழில் சொல்ல, நான் ஆங்கிலமாக்க, அந்தப் பெண்மணி சீனமாக்க, படகு வந்தது, கூரை ஏறியது. கதவு பூட்டப்பட்டது. கதவு திறந்தது. அண்ணாச்சி உட்காரவில்லை. குரல் இறங்கியது.

"நான் அங்க இருக்கப்பதான் ஊர்ல எம் பொஞ்சாதி செத்துப்போனா. டிக்கெட் கெடைக்கல. அடக்கம் முடிஞ்சிட்டுன்னு போன்ல சொன்னாவ. எங்க போறதுன்னு தெரியாம நடந்தேன். அந்தக் கோயில் தெறந்து கெடந்துது. உள்ள ஒரு கெழவி என் பக்கத்துல வந்து உக்காந்தா. ஒண்ணும் கேக்கல. பெறகுதான் கம்பெனி குடுத்த துபாஷிய இழுத்துட்டுப் போயி அந்தக் கோயில் கதைய முழுசாக் கேட்டேன். அன்னைக்கு அது பூட்டிக் கெடந்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்மணி ஆங்கிலத்துக்காக என் முகத்தைப் பார்த்தார். நான் போய் அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.