உள்ளங்கைக் கணினிக்கு ஒரு குளிரறை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோதுகூட இத்தனை கோப்புகள் திறக்கப்பட்டிருக்காது. செவித்திறன் நல அலுவலகத்துக்கு உள்ளங்கை அகலக் கணினி ஒன்று வந்து சேர்ந்த பொன்னாளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

அதைக் கொண்டுவந்தவர் அலுவலக வயர்மேன். அவருடைய அப்பாவுக்குக் காது அறவே கேட்காது. கேட்கும் கருவி வேண்டி அதே அலுவலகத்துக்கு மூன்று முறை வந்து, மூன்று முறையும் பியூன் கத்திய டோக்கன் எண் காதில் விழாமல் திரும்பிப் போனவர். காது கேளாதவர்களை ஓர் அலுவலகம் வாயால் கூப்பிடுகிறதே என்று வயர்மேனுக்கு வயிறு எரிந்தது. எண்ணைத் திரையில் காட்டிவிட்டால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றிச் செருகினார். ஹாலில் சும்மா கிடந்த பழைய டிவியோடு கேபிளால் இணைத்தார். பொத்தானை அழுத்தினார். '1' என்றது திரை. இன்னொரு தரம் அழுத்தினார். '2' என்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். பொறுப்பாகப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றையும் எழுதிக் கண்காணிப்பாளரிடம் நீட்டினார்: 'சூடாகக் கூடாது. தூசி படக் கூடாது. மெமரி கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கவும்.'

கண்காணிப்பாளர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு எழுந்து நின்று மூன்றாம் தரம் படித்தார்.

"இவ்வளவு சூட்சுமமான பொருளை ஹால்ல, ஜனங்க மத்தியில வெச்சிருக்கீங்களே?"

"ஜனங்க பாக்கறதுக்குத்தானே சார்..."

"ஜனங்க மூச்சு விடுவாங்க. மூச்சு சூடு."

மறுக்க முடியாத விஞ்ஞானம். அன்றே ஒன்பது பேர் கொண்ட 'உயர்மட்டப் பராமரிப்புக் குழு' உதயமாயிற்று. முதல் கூட்டத்தில் நகல் விவகாரம் தீர்ந்தது. சான்றொப்பம் இல்லாத நகல் செல்லாது என்பதால், நகல் எடுத்த நகம் அளவு மெமரி கார்டின் இரு புறமும் கண்காணிப்பாளர் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டார். அதன்பின் அந்தக் கார்டு எதிலும் வேலை செய்யவில்லை. ஆனால் செல்லும்.

இரண்டாம் கூட்டம் இடத்தைப் பற்றியது. ஏ.சி.யும் உண்டு, தூசியும் அண்டாது என்ற அறை அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: காது பரிசோதனை அறை. கனத்த கதவைச் சாத்திவிட்டால் வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது, உள்ளே இருப்பதும் வெளியே போகாது. கணினி அங்கே குடியேறியது. கேபிள் ஒரு மீட்டர்தான் என்பதால் டிவியும் கூடவே போயிற்று. பரிசோதனைகள் 'தற்காலிகமாக' நிறுத்தப்பட்டன.

"டிவி உள்ளே போயிட்டா நம்பரை யார் சார் பாக்கறது?"

"பியூன் பாப்பாரு. பாத்துக் கூப்பிடுவாரு."

"அப்போ கதவையாவது திறந்து வைக்கலாமா?"

"குளிர் போயிடும்யா. எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

வயர்மேன் குறிப்பை வாங்கிப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான்.

திங்கட்கிழமை, மனுதாரர்களும் துணைக்கு வந்தவர்களுமாக ஹால் நிரம்பி வழிந்தது. அப்பா முன் வரிசையில், கையில் பதினேழாம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். கனத்த கதவு சாத்தப்பட்டது. அதில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே, கம்பளிக் குல்லாய் போட்ட பியூன் தெரிந்தார். பொத்தானை அழுத்தினார், திரையைப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி அழுத்தினார், மறுபடி வாயைத் திறந்தார். மதியத்துக்குள் அறுபத்திரண்டு பேரையும் கூப்பிட்டு முடித்து, தொண்டை கட்டி வெளியே வந்தார்.

கண்காணிப்பாளர் ஹாலுக்கே வந்து அறிக்கையை வாசித்தார்: "கணினியின் வெப்பநிலை திருப்திகரம். தூசி இல்லை. அழைக்கப்பட்டோர் அறுபத்திரண்டு. வந்தவர் எவருமில்லை. மனுக்கள் தள்ளுபடி."

வயர்மேனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "காது கேக்கறவங்களுக்கே கேக்கலையே சார், இவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"காது கேக்காதுன்னா அதுக்குச் சான்றிதழ் கொண்டு வரட்டும்."

"அந்த ரூம்ல பரிசோதனை பண்ணாத்தானே சார் சான்றிதழே குடுப்பீங்க?"

"அந்த ரூம்லதான் கம்ப்யூட்டர் இருக்கே," என்றார் கண்காணிப்பாளர், வெகு பொறுமையாக.

காலையிலிருந்து அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா மகனின் கையைப் பிடித்தார். "எனக்கு மட்டுந்தான் காது கேக்கலைன்னு இத்தனை நாளா வெக்கப்பட்டுக்கிட்டிருந்தேன்டா. பாவம், அந்தாளு அத்தனை கத்து கத்துறாரு, ஒருத்தர்கூட எந்திரிக்கல. இங்க யாருக்குமே கேக்காதா?"

வயர்மேன் அவருடைய டோக்கனை வாங்கி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அப்பா அதை வாய்விட்டுப் படித்தார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது.

"உங்க காதுக்காவது மெஷின் இருக்குப்பா. இந்த ஆபீஸ் காதுக்குத்தான் இன்னும் கண்டுபிடிக்கல."

ஹாலில் காது கேட்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்காணிப்பாளர் மட்டும் திரும்பவில்லை.