வழக்கம் வழக்கான வரலாறு

நீராவி எந்திரம் வருமுன் இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் பக்கத்தில் குற்றம் மிகவும் பின்தங்கிய நிலையில் இருந்தது. மான் திருடுகிறவர்கள் இருவர், குடித்தால் கல்லெறிகிறவர் ஒருவர். இவர்களை வைத்துக்கொண்டு ஓர் ஊர் எப்படி முன்னேறும்? நெசவாலைகள் வந்தன. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் பெண்களும் 'குற்றவாளி' ஆகும் வாய்ப்பைப் பெற்றார்கள்.

அந்த வாய்ப்பை வழங்கும் பொறுப்பு நீதிபதியான என்னுடையது. ஆல்டர்ஷா குடும்பத்துக்கு மூத்தவன் நான். எங்கள் பெயரில் இதுவரை தூசி பட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டாமரிஸ் ஹாவர்த் என்ற நெசவுக்காரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துணியை அறுத்தெடுத்த பின் தறியில் மிஞ்சும் சாண் நீள நூல்களை அங்கிக்குள் வைத்துக்கொண்டு போகையில் ஆலை வாசலில் பிடிபட்டவள். ஆலை என்னுடையது என்பதால், சாட்சிகளை விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை.

மகளுக்கு மூன்று வாரத்தில் பிரசவமாம். கூட இருக்க வேறு ஆளில்லையாம். பிள்ளைக்குப் போர்வை பின்னத்தான் எடுத்தாளாம். இரண்டு மாதச் சிறை என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் நீதி கருதிக் காது கொடுத்தேன்.

"மிச்ச நூலு நெய்யறவங்களுக்குத்தான், எசமான். காலங்காலமா அதான் வழக்கம்."

"யாரு சொன்னா?"

"உங்கப்பா. அவரும் எங்கப்பாவும் ஒரே கூரைக்குக் கீழ தறி போட்டவங்க. நீங்க பொறந்தப்ப உங்களச் சுத்தின போர்வையே மிச்ச நூலுதான். பின்னினது எங்கம்மா."

மன்றத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் சிரிப்பைப் போலவே ஒலித்தது.

வழக்கம் என்றால் இவள் வீட்டுக்குப் போய்விடுவாள். திருட்டு என்றால் என் தகப்பனார்... அந்த வாக்கியத்தை முடிப்பது எங்கள் குடும்பப் பழக்கமல்ல.

நெடுநேரம், அதாவது ஏறத்தாழ ஒரு நிமிடம், யோசித்தேன். முன்பு அது வழக்கம், இப்போது அது வழக்கு என்று தீர்ப்பளித்தேன். இரண்டு மாதம்.

"அப்ப எம்பொண்ணுக்கு வலி வந்தா, நீங்க வந்து பக்கத்துல உக்காருவீங்களா, எசமான்?"

சட்டத்துக்குப் புறம்பான கேள்வி என்பதால் அதைப் பதிவு செய்யவில்லை.

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார். "எந்தத் தேதியிலேருந்து இது திருட்டுன்னு எழுதட்டுங்க, ஐயா?"

"எங்கப்பா தறிய விட்டு எழுந்து, ஆலை கட்டின நாள்லேருந்து."

தேதி மிகச் சரியானதுதான். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கைகூட நூலைத் தொட்டதில்லை.